முடிவு வருவதற்கு முன்

பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "அம்மா, நாலு மாசம் முன்னாடி வேலை போச்சு. இன்னைக்கு வேற கெடச்சிருச்சு, அதான் சொல்றேன்" என்றாய். "என் பொண்ணு கெட்டிக்காரி" என்று பெருமையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்த நாலு மாதமும் ஞாயிறுதோறும் என்னிடம் சிரித்துப் பேசியிருக்கிறாய்.

இதைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததை, தையல் பிரித்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். "முன்னாடியே சொன்னா டாக்டர் கையில இருந்து கத்தியவா புடுங்கிருவேன்?" என்று கேட்டாய். நம் வீட்டில் முடிந்துபோன கஷ்டத்தை மட்டும்தான் பேசுவோம். அதைத் தைரியம் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை ரிசல்ட். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். போனை எடுத்தால் "நல்லா இருக்கோம்" என்றுதான் வாயில் வரும்; அதனால் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா காலையிலிருந்து ஒரே ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

புது வேலையில் லீவு கேட்காதே என்று எழுதி, அடித்துவிட்டேன். கேள். புதன்கிழமையே வந்துவிடு.

அம்மா