பூசாமல் விட்ட வார்னிஷ்

ஜூன் 3, 2019

தங்கை வீட்டுப் பின்வாசலில் தச்சர் புது மரப்படி போட்டிருக்கிறார். இன்று அதற்குப் போரேட் மருந்துக் கரைசல் அடித்தேன். வெறும் மரம், மடமடவென்று குடித்தது. கரையான், வண்டு, பூஞ்சை எதுவும் இனி கிட்டே வராது. ஒரே தொல்லை, மழை தொடர்ந்து பட்டால் உள்ளே போன மருந்து கரைந்து வெளியே வந்துவிடும். தார்ப்பாய் போட்டு மூடினேன். மருந்து காய்ந்ததும் வியாழக்கிழமை வந்து, மழை உள்ளே இறங்காதபடி நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கை பூசுவதாகத் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5

தேநீர்க் கடையில் மாப்பிள்ளை, தன் நண்பர்கள் நாலு பேர் முன்னால்: "இவருதான் எங்க மச்சான். கரையானுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரு!" ஒரே சிரிப்பு. பதினெட்டு வருஷமாகச் சோறு போடுகிற தொழில். இளக்காரமா? இனி அந்த வாசலை மிதித்தால் கேள்!

ஜூன் 6

போகவில்லை. வேண்டுமானால் அவரே வந்து கூப்பிடட்டும்.

ஜூன் 9

மூன்று நாளாக அடைமழை. தார்ப்பாய் பறந்திருக்குமோ? தங்கை போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 17, 2021

இந்த நோட்டை எடுத்து எத்தனையோ நாளாயிற்று. எடுக்க வைத்துவிட்டாள்.

தங்கை விழுந்துவிட்டாள். துணிக்கூடையோடு இறங்கியபோது பின்வாசல் படி உடைந்து, கணுக்காலில் இரண்டு எலும்பு முறிவு. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற நர்ஸ் அவள். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை கொதித்தார்: "அந்தத் தச்சன் மட்டமான மரத்தை நம்ம தலையில கட்டிட்டான். சும்மா விடமாட்டேன்." அவரோடு சமாதானமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. வார்னிஷ் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்றும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 20

தங்கையை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. மாப்பிள்ளை வரவழைத்த தச்சர் உடைந்த பலகையை உள்ளே எடுத்து வந்து விரலால் அழுத்தினார். ரொட்டி மாதிரி உதிர்ந்தது. "மருந்து உள்ள நின்னிருந்தா மரம் இப்படி ஆகாதேப்பா" என்றார், என்னைப் பார்த்து.

மாப்பிள்ளை பாய்ந்தார். "மருந்தைக் குறை சொல்லாதீங்க! மச்சான் வார்னிஷ் வரைக்கும் பூசிட்டுத்தான் போனாரு. நான் வேலைக்குப் போயிருந்தப்ப வந்தாருன்னு இவ அன்னைக்கே சொன்னாளே."

நானா? வந்தேனா?

கட்டிலில் இருந்தவளைப் பார்த்தேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐயோ, பாவி நான்... புருஷனிடம் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று பொய் சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டுப் பூச முடியுமா? பூசாத படி என்று தெரிந்தே இரண்டு வருஷம் ஏறி இறங்கியிருக்கிறாள். என் ரோஷம் அவள் காலை உடைத்துவிட்டது. தச்சர் பலகையை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 22

சொல்லிவிட்டேன். தச்சரையும் கூட்டிப்போய், மாப்பிள்ளை முன்னாலேயே. "மரத்து மேல தப்பில்ல. நான் பூச வரவே இல்ல, மாப்ள."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவளைப் பார்த்து, "எங்கிட்டயே பொய்யா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். தச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தங்கை சொன்னாள்: "உன் பாரத்தை இறக்கி வெச்சுட்டே. நல்லா இருக்காண்ணே இப்ப?"

நல்லா இல்லை. தச்சர் பெயருக்காகச் சொன்னேனா, என் நிம்மதிக்காகவா? தெரியவில்லை.

செப்டம்பர் 11

தங்கை போனை எடுப்பதில்லை.

செப்டம்பர் 30

தச்சர் புதுப்படி போட்டுக் கொடுத்துவிட்டார். போன வாரம் நான் அடித்த போரேட் நன்றாகக் காய்ந்துவிட்டது. இன்று முதல் கை வார்னிஷ். மாப்பிள்ளை டப்பாவைத் திறந்து கொடுத்தார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

முடிக்கிற நேரத்தில் தங்கை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். ஐந்து வாரத்துக்கு மேலாக என்னோடு பேசாதவள்.

"இன்னொரு கை பூசணுமா?"

"ஆமா, நாளைக்கு."

"வருவியா? இல்ல, நீ வந்துட்டுப் போயிட்டேன்னு நானே சொல்லிக்கட்டுமா?"

அக்டோபர் 1

காலை ஏழு மணிக்கே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வாக்கர் ஒவ்வொரு அடியாக நகரும் சத்தம். அவள் வந்து திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று.