நோவில்லாத கையில் ஊசி

வளப்பூர் நாடு, கொல்லிமலை
10-3-1956

அன்புள்ள நங்கை அவர்களுக்கு,

மயிலம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் உங்கள் தம்பி ராசுவின் மனைவி. எங்கள் பக்கம் புருஷனுடைய அக்காளை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நானும் அப்படியே எழுதிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் உங்களைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் பெட்டியில் அந்தப் படத்தைக் கண்டு, "இந்தச் சீனத்துப் பொண்ணு யாருங்க?" என்று கேட்டேன். "எங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். ஈப்போவில் ஒரு சீனக் குடும்பம் கைக்குழந்தையாகக் கொடுத்த உங்களை அத்தை பாலூட்டி வளர்த்த கதையைப் பிறகொரு நாள் சொன்னார். அத்தை இறந்த பிறகு மாமாவும் அவரும் கப்பலேறி ஊர் திரும்பியதையும், நீங்கள் வர மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டதையும் சொன்னார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. மாமாவோ உங்கள் பேச்சையே எடுப்பதில்லை.

தை மாதம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் குழறுகிறது. நான் இங்கே பிரசவ விடுதியில் தாதி வேலை பார்க்கிறேன். காளப்பநாயக்கன்பட்டி வீட்டில் அவரைத் தனியே விட மனமில்லாமல், டோலி கட்டி மலைக்குத் தூக்கிவந்துவிட்டோம். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "செத்தாலும் இங்கியே சாவறேன்" என்கிறார்.

நீங்கள் ஒரு சீன வைத்தியரிடம் ஊசி வைத்தியம் படிப்பதாகத் தெரிந்தவர்கள் மூலம் உங்கள் தம்பி கேள்விப்பட்டிருக்கிறார். அது இந்த நோய்க்கு உதவுமா? எனக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? மருந்து ஊசி போட்டுப் பழகிய கை என்னுடையது. நான் எழுதுவது மாமாவுக்குத் தெரியாது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மயிலம்மாள்


ஈப்போ
2-4-1956

அன்பு மயிலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலையே ஓடவில்லை. என்னை நங்கை என்று கூப்பிட ஒருத்தி இருக்கிறாள் என்பதே இத்தனை நாள் எனக்குத் தெரியாது. அப்படியே கூப்பிடு.

அப்பா உயரமான மனுஷர். அவரை டோலியில் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் ஆசிரியை பெயர் லின் அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சீனம் வராது. முகத்தைப் பார்த்துச் சீனத்தில் பேசுகிறவர்களிடமெல்லாம் நான் மலாயில் பதில் சொல்லி ஏச்சு வாங்குகிறவள். அவர் என் கையைப் பிடித்துக் காட்டிக் காட்டித்தான் கற்றுத் தருகிறார். உன் கடிதத்தை மலாயில் சொன்னபோது, "இது என் மாமனார் வீட்டு முறை. குடும்பத்துக்கு வெளியே போகக் கூடாது" என்றார். "நானும் வெளியாள்தானே?" என்றேன். "நீ என் கண் முன்னால் இருக்கிறாய்" என்றார். "கேட்டிருப்பவள் என் தம்பி பெண்டாட்டி" என்றேன். எழுந்து போய், பார்சலில் வைக்க அவரே ஊசிகளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

சீன வைத்தியர்களில் பலரும் வலிக்கிற இடத்திலேயே குத்துவார்கள். இந்த வீட்டு முறையில் கெட்ட பக்கத்தைத் தொடுவதே இல்லை. வலது கை விழுந்தால் இடது கையில். வலது காலுக்கு இடது காலில். அதுவும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழேதான். இடங்களைப் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். முக்கியமானவை இரண்டு. கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கவட்டுச் சதை. காலில், முழங்கால் சில்லுக்குக் கீழே அப்பாவின் நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் முடிகிற இடம்; எலும்புக்கு வெளிப்புறம். அளவு நோயாளியின் விரல்தான், வைத்தியருடையது இல்லை.

ஊசியைக் கொதிக்க வைப்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போன பிறகு அதை மெல்ல உருட்டு. சட்டென்று சதை ஊசியைப் பிடிக்கும். அவருக்கு அங்கே கனமாக, மந்தமாக இருக்கும். அது வலி இல்லை. அந்தப் பிடிப்பு வந்தால்தான் வைத்தியம். அது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. முதலில் உன் மேலேயே குத்திப் பார்த்துத் தெரிந்துகொள். அதன் பிறகுதான் அப்பாவைத் தொட வேண்டும்.

என் பெயரைச் சொல்லாதே. சொன்னால் கையை நீட்ட மாட்டார்.

அன்புடன்,
ருக்குமணி


வளப்பூர் நாடு
28-5-1956

அன்புள்ள நங்கைக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. தலைமுடி மாதிரி இருக்கும் இதையா ஊசி என்கிறீர்கள்! முதல் ஊசி வளைந்துவிட்டது. பிறகு துணியைச் சுருட்டி வைத்து அதில் குத்திப் பழகினேன்.

தினமும் விடுதி வேலை முடிந்ததும் என் கைக்கவட்டில் குத்திக்கொள்கிறேன். வெகுநாள் ஒன்றுமே தெரியவில்லை. போன வாரம் திடீரென்று வந்தது. பலாப்பழம் அறுக்கும்போது பால் கத்தியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னுமே, அப்படி. முழங்கை வரை கனத்துப்போனது. சந்தோஷத்தில் உங்கள் தம்பியைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து, நான் அழுகிறேன் என்று நினைத்து ஊசியைப் பிடுங்கப் போய்விட்டார்.

மாமா அப்படியேதான் இருக்கிறார். சோற்றை இடது கையால் பிசைய வெட்கப்பட்டு, பாதியில் எழுந்துவிடுகிறார். இன்னும் கொஞ்ச நாள் என் மேல் பழகிக்கொண்டு அவரிடம் போகிறேன்.

இன்னொரு சேதி. எனக்கு மூன்றாம் மாதம். வாந்தியாக இருக்கிறது. வேறு குறையில்லை.

அன்பு மறவாத,
மயிலம்மாள்


ஈப்போ
9-6-1956

மயிலு கண்ணு,

இதைப் படித்தவுடன் நிறுத்து. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குக் கைக்கவட்டில் ஊசி போடக் கூடாது. கரு கலையும் என்று லின் அம்மா முதல் பாடத்திலேயே சொன்னார். உன்னிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை பார். உன் கடிதத்தை அவருக்குச் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்குத்தான் கண் முன்னால் இல்லாதவளுக்குச் சொல்லித் தரக் கூடாது என்றார்.

எங்கேயும் குத்திக்கொள்ளாதே. பாரம் தூக்காதே. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதிப் போடு. எனக்கு வைத்தியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ நன்றாக இருந்தால் போதும்.

ருக்குமணி


வளப்பூர் நாடு
15-7-1956

அன்புள்ள நங்கைக்கு,

முதலில் நல்ல சேதி. பிள்ளை பத்திரமாக இருக்கிறது. நேற்று வயிற்றுக்குள் புரண்டது. இனி நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இரண்டு நாள் லேசாகக் கறை பட்டது. எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்னவள் நான். என் முறை வந்தபோது கட்டிலை விட்டு இறங்கவே பயந்தேன். கடிதம் வந்ததும் ஊசிகளை டப்பாவோடு பரண் மேல் போடச் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ஏஞ்சாமி, அந்த ஊசிய எதுக்கு மேல போட்டே?" என்றார். குத்திப் பழக இனி ஆளில்லை என்றேன். உடனே இடது கையை நீட்டினார். "இந்தக் கை நல்லாத்தான இருக்குது. இதுல குத்திப் பழகு. நீ படிச்சாப் போதும்."

எந்தக் கையில் குத்த வேண்டுமோ அதையே, பழகுவதற்கென்று தானாக நீட்டுகிறார்! ஊசிகளை இறக்கிக் கொதிக்க வைத்து, நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் குத்தினேன். பிடிப்பு வந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை யாரு சொல்லிக் குடுத்தது?"

"சேலத்து ஆஸ்பத்திரியிலீங்க மாமா."

கோணிய வாயோடு சிரித்தார். "சேலத்துல எவன் நோவில்லாத கையில ஊசி குத்தறான்? ஈப்போவுல ஒரு சந்து இருக்குது. அங்க ஒரு பொம்பளதான் அப்படிக் குத்துவா."

நான் ஊசியை எடுக்கப் போனேன். "எடுக்காத. காலுக்கும் உண்டல்ல? போடு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் ஒரு நாள் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. இடது காலைத் தானே தூக்கி முக்காலி மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வலது கைக் கட்டைவிரல் லேசாக அசைகிறது. எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதோ என்று உங்கள் தம்பியையும் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் தெரிந்தது.

அன்புடன்,
மயிலம்மாள்


ஈப்போ
6-8-1956

என் கண்ணு மயிலுக்கு,

பிள்ளை புரண்டது என்ற வரியை லின் அம்மாவுக்கு மலாயில் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்றால் இனி மறைத்து ஆவதில்லை. அவரிடம் சொல்லாமல் போன ஒன்றை எழுதுகிறேன். படித்துக் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போவதை நிறுத்தவே இல்லை. அப்பா ராசுவையும் கூட்டிக்கொண்டு தூரத்து ஈயச் சுரங்கத்தில் வேலைக்கு இருந்தார். மாதம் ஒரு முறை வருவார். அவர் வரும் நாளில் அம்மா குளித்து, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டு நிற்பாள். மற்ற நாட்களில் வலி தாங்காமல் பாயைக் கடிப்பாள். அவரிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எஸ்டேட் மருந்து ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் லின் அம்மாவை அழைத்துவந்தேன். காலில் ஊசி போட்டதும் அம்மா தூங்கினாள். கட்டி கரையாது என்று லின் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் கடைசி வரை ஊசி போட வந்துகொண்டிருந்தார். "இதைக் கத்துக்கோடி ருக்கு. நம்ம லயத்து வீடுகள்ல எத்தனை பேரு இப்படிக் கிடக்கறாங்க" என்று அம்மா சொன்னாள். அதற்காகத்தான் நான் தங்கினேன்.

பினாங்கில் கப்பலேறும்போது அப்பா ராசுவிடம், என் காதில் விழும்படி, "ரத்தம் ரத்தத்தோட போயிச் சேந்துக்கிச்சு, நாம போலாம்" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சத்தியம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். என் ரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியாது மயிலு. நான் அவரை மட்டும்தான் அப்பா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ருக்குமணி


வளப்பூர் நாடு
20-1-1957

அன்புள்ள நங்கைக்கு,

மார்கழியில் பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். அத்தை பெயரையே, ராமாயி என்று வைத்திருக்கிறோம். உங்கள் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் கடிதத்தை மாமாவுக்கு நானே படித்துக் காட்டினேன். பாயைக் கடிப்பாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "படி" என்றார். முடித்ததும், "பொட்டு வெச்சுக்கிட்டு நிப்பா" என்றார். பிறகு எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு மிளகுக் கொடிகளின் பக்கமாகப் போய்விட்டார். உங்கள் தம்பி பின்னாலேயே போகப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஆமாம் நங்கை, எழுந்து போகிறார். வலது காலை இழுத்துத்தான் வைக்கிறார். கையில் டம்ளர் நிற்கிறது. பொத்தான் போட வரவில்லை. இரண்டு வரி சொல்லுங்கள், நங்கைக்கு எழுதுகிறேன் என்று பல தடவை கேட்டுவிட்டேன். "எழுதறதுக்கு என்ன இருக்குது" என்கிறார். என்னை மன்னியுங்கள், இதற்கு மேல் அவரை நெருக்கத் தைரியம் இல்லை.

இப்போது புதிதாக ஒரு பிடிவாதம். தினமும் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் இறங்கி ஏறுகிறார். முள்ளுக்குறிச்சி குழந்தைசாமி, அவரும் மலாயாவில் இருந்தவர், அடிக்கடி வந்து மாமாவோடு தனியாகப் பேசிவிட்டுப் போகிறார். இரண்டு பேரும் ஒரு முறை சேலம் வரை போய் வந்தார்கள். எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

லின் அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்பு மறவாத,
மயிலம்மாள்


ஈப்போ
18-5-1957

அடி கள்ளி மயிலு,

ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? சொல்லக் கூடாது என்று உன்னிடமும் சத்தியம் வாங்கினாராம்! இந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொல்வதே கிடையாதா?

செவ்வாய்க்கிழமை லின் அம்மாவின் வைத்தியசாலையில் நல்ல கூட்டம். எல்லாரும் பெஞ்சில் வரிசையாகக் கையை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். நான் குனிந்து கையைப் பார்த்துக்கொண்டே வருவேன். ஒரு இடது கையைப் பிடித்தேன். கவட்டுச் சதையில் புள்ளி புள்ளியாக ஊசி பட்ட தடம். பக்கத்தில் இன்னொரு கை மடியில் சுருண்டு கிடந்தது. நான் நிமிரவில்லை மயிலு. நிமிர முடியவில்லை.

பின்னால் இருந்து லின் அம்மா எட்டிப் பார்த்தார். பழக்கப்பட்ட கை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. "இதற்கு முன்னால் யார் ஊசி போட்டது?" என்று மலாயில் கேட்டார்.

"என் மருமகள்" என்று அப்பா மலாயிலேயே சொன்னார்.

"அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது?"

அப்பா கொஞ்ச நேரம் வாயைக் கூட்டிப் பார்த்தார். வார்த்தை குழறக் கூடாது என்று பிரயாசைப்பட்டது எனக்குத் தெரிந்தது.

"என் மகள்" என்றார்.

நான் அந்தக் கையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்பா வலது கையை மெல்லத் தூக்கி என் தலையில் வைத்தார். "நடந்தே மலை எறங்கீட்டேன் கண்ணு. டோலி வேண்டாம்னுட்டேன்" என்றார். பிறகு இருவரும் அழுதோம். லின் அம்மா எங்களை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, மற்றவர்களுக்குத் தானே ஊசி போட்டார்.

துணைக்கு வந்த குழந்தைசாமி அவரை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அப்பா தீபாவளி வரை இங்கே இருப்பதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு அழைத்துக்கொண்டு நானே வருகிறேன். ராமாயியைத் தூக்க வேண்டும். ராசு என்னைப் பார்த்ததும் அழுவான். இப்போதே சொல்லி வை.

அப்பாவின் காலில் நீ ஊசி போட்ட தடத்தை லின் அம்மா சோதித்தார். நீ குத்தும் இடம் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது என்று, ஊரில் பாதிப்பேருக்குக் கேட்கும்படி என்னைத்தான் திட்டினார். நான் வந்ததும் உன் காலிலேயே காட்டித் தருகிறேன். வயிற்றில் பிள்ளை இல்லையே?

இதை எழுதும்போது அப்பா பெஞ்சில் சீனக் கிழவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். உடைந்த மலாயில் என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்கிறார். அவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். என்னப்பா சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கென்ன, நீ ஊசியப் பாரு" என்கிறார்.

உன் நங்கை,
ருக்குமணி