என் மஜ்ஜைப் படை

12.8.2013, திங்கள்

எவனும் நம்பமாட்டான் என்ற உறுதியோடு இந்தக் கதையை எழுதுகிறேன். இடுப்பு ஆபரேஷனின்போது நான் ஆராய்ச்சிக்குத் தானம் செய்த எலும்பு மஜ்ஜையில் கோடி ஸ்டெம் செல் வீரர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம். எவன் எலும்பாவான், எவன் குருத்தெலும்பாவான் என்று பிரித்தால்தான் அக்கா மகள் மல்லிகாவுக்கு ஆராய்ச்சிப் பட்டம்.

“எங்க ஃபேக்டரி லைன்ல முறுக்கின போல்ட்டுக்கு அடையாளமா பெயிண்ட் புள்ளி வெப்போம். நீயும் வெச்சுப் பாரேன்” என்றேன் ஒருநாள்.

“அதத்தான் மாமா ஆறு மாசமா வெச்சுகினு இருக்கேன். ஒட்ட மாட்டேங்குது.”

இன்று ஒரகடம் கேன்டீனில் சாப்பிடும்போது போன் செய்தாள். “மாமா, ஒரு வகையில மட்டும் கலர் ஒட்டிச்சு. அது அத்தனையும் குருத்தெலும்பா மாறிடுச்சு” என்று சிரித்தாள்.

என் படை தமிழ்நாட்டின் தேய்ந்த முட்டிகளையெல்லாம் மீட்டுவிட்டதாகக் கேன்டீனில் அறிவித்தேன். கண் கலங்கியதற்கு ஊறுகாய் காரம் என்றேன்.

கோடி வீரர்கள் புளுகு, ஊறுகாயும் புளுகு. அவள் சிரித்தது மட்டும் நிஜம்.