அண்ணை கேட்ட கிழட்டு லைன்பேக்கர்

ஞாயிறு இரவு, செவன் கிங்ஸ்

என்னிடமிருக்கும், தடுத்தாடும் கிழட்டு லைன்பேக்கரை அண்ணை இன்று கேட்டார். எங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் ஃபேன்டசி லீக்கில் நிஜ வீரர்களைக் கற்பனை அணிக்கு எடுத்து, அவர்கள் ஆடுவதைக் கொண்டு புள்ளி சேர்க்கிறோம். எடுத்தவர்களை வருடக்கணக்காக வைத்திருக்கலாம். அதனால் இளசுகளுக்குத்தான் மதிப்பு. இந்த ஆளோ முப்பதைத் தாண்டி எவ்வளவோ காலம். இந்த வருடம் ஆடுவார், அடுத்த வருடம் சந்தேகம்தான். சும்மா கேட்டிருந்தாலே கொடுத்திருப்பேன். அண்ணை பதிலுக்குத் தன்னுடைய அணியின் புது இளம் பெடியனைத் தருகிறாராம். இன்னும் மூன்று வருடத்தில் அவனைப் பிடிக்க ஆளிருக்காது.

அண்ணை இருக்கும் தோர்ண்டன் ஹீத்துக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? அவன் வளருற பெடியன்."

"எனக்கு இந்த வருஷம் விளையாடுற ஆள் இருந்தாப் போதுமடா."

வியாழக்கிழமை அவருடைய ஸ்கேன் முடிவு வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இலாபம் வருகிற பேரத்தை நான் ஒருநாளும் விட்டதில்லை. இதை மறுத்துவிட்டு மெசேஜ் போட்டேன்: "பெடியனை நீங்களே வைச்சிருங்கோ. மூண்டு வருஷம் கழிச்சு வந்து கேக்கிறன்."

வாசித்துவிட்டார். இப்போதுதான் பதில் வந்தது:

"அப்ப விலையைக் கூட்டிச் சொல்லுவன்."