பேர் தெரியாத சாமான்

ஏங்க,

அக்காவைப் பாக்க கம்மாபுரம் போறேன், பொழுது சாய வந்துடுவேன். கருவாட்டுக் குழம்பு இருக்குது, சுட வச்சுக்குங்க. உங்கப்பாவோட ஆசாரிப் பெட்டிய விலைக்குப் பாக்க அமீனுதீன் பாய் சாயங்காலம் வராராம், போன் பண்ணாரு.

ஒரு வாரமா நீங்க அந்தப் பெட்டியோடதான் குடும்பம் நடத்துறீங்க. இழைப்புளி, கொட்டாப்புளி, அரம்னு ஒவ்வொண்ணுக்கும் சீட்டுல பேரெழுதிக் கட்டிட்டீங்க. வளைஞ்ச தகடு வச்ச சின்னது ஒண்ணுக்கு மட்டும் பேர் தெரியலன்னு ஊரெல்லாம் காட்டினீங்க. என்கிட்ட காட்டல.

அது உங்கப்பாவோடது இல்ல, என்னுது. மண் பொம்மைக் கம்பெனியில வேலை பாத்தப்ப, பொம்மை சூளைக்குப் போறதுக்கு முன்ன அதுல பிசிறு வழிக்க வச்சிருந்தேன். கல்யாணம் ஆனதும் இனிமே வேலைக்குப் போக வேணாம்னீங்க. அன்னைக்கு நான்தான் அதை அந்தப் பெட்டியில போட்டேன்.

பாய்கிட்ட அதை மட்டும் குடுத்துடாதீங்க.

சங்கரி

தயிரை மூடி வைங்க, பூனை வருது.

இன்னொண்ணு. அதோட சீட்டுல, ‘பிடிய எலி கடிச்சிருக்குது’ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு கையிலயும் பொம்மை இருந்தா அதை வாயிலதான் கவ்விக்குவேன். எலி இல்லைங்க, என் பல்லு.