கண்ணோரத்து மஞ்சள்

12 ஜூலை 2003, சனி

குவைத் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த என் படத்தை இன்று கும்பகோணத்து ஸ்டூடியோவில் வாங்கினேன். கண்ணோரத்து மஞ்சள் கட்டிகளைக் காணோம். இரண்டு வருடமாக நான் விழுங்கும் கொலஸ்ட்ரால் மாத்திரை கரைக்காததைக் கம்ப்யூட்டர் கரைத்துவிட்டது. படத்தில் அழகாக இருக்கிறேன். 

“அம்மாதான் போன் பண்ணி அந்த மஞ்சளை எடுக்கச் சொன்னாங்க,” என்றார் ஸ்டூடியோக்காரர். “உங்கப்பா படத்துலயும் அப்பவே பிரஷ்ஷால அழிச்சுக் குடுத்தேனே.”

வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாலை போட்ட அப்பாவைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்குக் கண்ணோரம் பளிச்சென்று இருக்கிறது. இந்தப் படத்தைக் காட்டித்தான் தம்பி ரத்தப் பரிசோதனைக்கு வர மறுக்கிறான். “அப்பாவுக்கு எங்க மஞ்சள் இருக்கு, அக்கா? உனக்கு வந்தா எனக்கும் வரணுமா?” என்பான். அப்பா போனபோது அவனுக்கு ஆறு வயது.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?” என்றேன். அம்மா தம்பிக்குச் சோறு போட்டாள்.

விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் நிமிர்ந்தது. இடது கண்ணோரத்தில் நொய்யரிசி அளவுக்கு மஞ்சளாக ஒன்று. நான் பார்த்ததை அம்மாவும் பார்த்தாள்.

“இவன் பாஸ்போர்ட் போட்டோவுலயும் எடுத்துடச் சொல்லலாம்,” என்றாள்.