இழுக்க லேசான மிஷின்

4.9.2025, வியாழன்

என் வீட்டுக்காரருக்குப் பிசியோதெரபி இன்றோடு முடிந்தது. ஒன்பது மாதமாக இவர் வலது தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிய அந்தப் பெண், "இடுப்பு மட்டத்துல வெயிட் பிடிக்கலாம் சார், எதையும் வெடுக்குனு இழுக்காதீங்க" என்றாள். இவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் உட்கார்ந்ததும், கூட வேலை செய்யும் வேம்புவுக்கு போன். மரம் ஏற அவன் வருகிறானாம். இனி மரம் அறுக்கும் மிஷின்தான் வேண்டும்.

போன டிசம்பரில், புயலில் சாய்ந்த மரத்தை அறுக்கும்போது கிளை முறிந்து விழுந்தது. மிஷின் நசுங்கிப்போனது. இவர் தோளில் பட்ட அடியோடு தப்பினார். அதற்கு மேல் சாமியிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பாக்கியலட்சுமி அம்மா தன் வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தை வேறு யாரையும் தொடவிடாமல் இவருக்காகவே வைத்திருக்கிறாராம். ஐப்பசி மழைக்குள் முடித்துவிட வேண்டும். முகம் தெரியாத அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

7.9.2025, ஞாயிறு

வில்லியனூர் பக்கம் ஒருவர் பழைய மிஷின் விற்கிறார் என்று போனோம். புதியது எங்களுக்கு எட்டாது. கேட்டிலேயே காத்திருந்தார். கயிற்றை ஒரே இழுப்பு, மிஷின் ஓடியது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சைலன்சரில் விரலை வைத்தேன். சுரீர் என்றது. இழுத்தது இப்போதுதானே, அதற்குள் இத்தனை சூடா? நாங்கள் வருவதற்கு முன்னால் ஓட்டி வைத்திருக்கிறார். நோய் இருந்தால் ஆறிக் கிடக்கும் எஞ்சினில்தான் தெரியும். சேதராப்பட்டு கம்பெனியில் பதினாறு வருஷமாக பாட்டில் மூடிகளில் கீறல் தேடுகிறவள் நான். கை தானாகப் போய்விடுகிறது.

வாங்காமல் கிளம்பினோம். வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "உன்னைக் கட்டிக்கிட்டவன் எப்படித்தான் காலம் தள்றானோ" என்றார். சிரித்துக்கொண்டே வீடு வந்தோம்.

14.9.2025, ஞாயிறு

கமருஸ்ஸமான் பாய் பட்டறை. தேங்காய்த்திட்டு மீனவர்களின் படகு எஞ்சின்கள் ஒரு பக்கம், மரம் அறுக்கும் மிஷின்கள் ஒரு பக்கம். "தொட்டுப் பாருங்க, ரெண்டும் ஜில்லுனு இருக்கு" என்று அவரே சொன்னார். வாங்குகிறவர்கள் வந்து சேரும்வரை எஞ்சினைத் தொடமாட்டாராம். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

இரண்டும் பத்து வருஷம் பழசு. முதல் மிஷினைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, இவர் வலது கையாலேயே கயிற்றை இழுத்தார். வந்துவிட்டது. மூன்றாவது இழுப்பில் ஓடியது. என்னைத் திரும்பிப் பார்த்தார் — டிசம்பருக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவதைத் தொடவே இல்லை. "இதே போதும் பாய்."

இவர் வெளியே டீ வாங்கப் போனார். இரண்டையும் கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் இவரே எனக்குக் காட்டியது. உள்ளே பிஸ்டன் நன்றாக இருந்தால் மிஷின் தடுக்கித் தடுக்கி நின்று நின்று இறங்கும். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடும். இரண்டாவது நின்று நின்று இறங்கியது. இவருக்குப் பிடித்துப்போனது வழுக்கிக்கொண்டு வந்தது.

லேசாக இழுக்க வந்ததே அதனால்தான். எஞ்சினில் உயிர் இல்லை.

பாய் நான் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வந்து முன்பணம் நீட்டியபோது வாங்கவில்லை. "ஒரு வாரம் ரெண்டும் இங்கேயேதான் இருக்கும். யோசிச்சிட்டு வாங்க" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

16.9.2025, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இருவது வருஷமா மிஷின் புடிச்சவன் நானு. எனக்கே பாடம் எடுக்கறியா?"

குறை கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலுமா? ஆனால் நட்ட நடு வேலையில், மேலே வேம்பு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த மிஷின் நின்றுபோனால்?

17.9.2025, புதன்

சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

19.9.2025, வெள்ளி

சாப்பிடும்போது, மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார். "எனக்கு அன்னிக்கே தெரியும். கயிறு லேசா வந்ததுமே தெரிஞ்சிபோச்சி."

"அப்புறம் ஏங்க?"

"இன்னொண்ண இழுன்னு பாய் சொல்லிடுவாரோன்னு பயம். என்னால இழுக்க முடியலன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் ஊருக்கே தெரியும். எவன் கூப்புடுவான் மரத்துக்கு?"

முடியல. இந்த ஒன்பது மாதத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது இன்றுதான். எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வேம்பு மேலே ஏறிவிட்டால் கீழே இவர் ஒருவர்தான். யார் இழுப்பது?

"நான் இழுக்கட்டா?" என்றேன்.

சிரித்தார். "கம்பெனிக்கு யாரு போவா?"

"ஞாயித்துக்கிழமை லீவுதானே."

சிரிப்பை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தார்.

21.9.2025, ஞாயிறு

மறுபடி பாய் பட்டறை. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பாய் இரண்டு மிஷின்களின் சைலன்சரையும் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ஒன்றின் பிஸ்டனில் நெடுக்கக் கோடு கோடாக, பூனை பிறாண்டினது போல. மற்றது வழவழவென்று இருந்தது. லேசாக வருகிறது என்று அந்த முதல் மிஷினை இதற்கு முன் இரண்டு பேர் கேட்டார்களாம். கொடுக்கவில்லையாம்.

பிறகு இரண்டாவது மிஷினை நான் இழுத்தேன். முதல் இழுப்பில் கயிறு என் விரல்களையும் சேர்த்து உள்ளே பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. இவர் பின்னால் நின்று, "மெதுவா இழு, ஒரு எடத்துல முட்டும். முட்டின பொறவு ஒரே வெட்டு" என்றார். நான்காவதிலும் வரவில்லை. பாய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஸ்பேனர் தேடத் தொடங்கினார். ஸ்பேனர் அவர் கையில்தான் இருந்தது. அந்த மனுஷனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஏழாவது இழுப்பில் பட்டறையே அதிர்ந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் இவர் வேலை. மிஷினை இடுப்பு மட்டத்தில் பிடித்து, முன் தடுப்பை மணிக்கட்டால் தள்ளினார். செயின் அந்த நொடியே நின்றது. செயினுக்கு ஆயில் வருகிறதா என்று அட்டைக்கு நேரே காட்டி ஓட்டினார். ஆயில் கோடாகத் தெறித்தது. ஒரு கட்டையை அறுத்துப் பார்த்துவிட்டு, "இதான் மிஷினு" என்றார்.

5.10.2025, ஞாயிறு

பாக்கியலட்சுமி அம்மா வீட்டில் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். வேம்பு மேலே இருந்து கைரம்பத்தால் அறுத்துக் கயிற்றில் இறக்கினான். கீழே வந்த கிளைகளை இவர் துண்டு போட்டார். மிஷின் நிற்கும்போதெல்லாம் நான் போய் இழுத்தேன். பதினோரு தடவை.

அந்த அம்மா காபியோடு வந்தார். எண்பது வயதிருக்கும். என்னைப் பார்த்து, வீட்டுக்காரர் வேலை செய்வதை வேடிக்கை பார்க்க வந்தாயா என்று கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

இவர் மிஷினைக் கீழே வைத்தார். "இல்லம்மா. என்னால கயிறு இழுக்க முடியாது, தோளு போச்சி. இவங்க இழுத்தாத்தான் மிஷின் ஓடும். நான் சும்மா அறுக்கறவன்."

தெருவில் நின்ற இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும். மரத்தின் மேலிருந்து வேம்பு, "அப்ப சம்பளம் அண்ணிக்கிட்டதான் கேக்கணுமா?" என்றான். அந்த அம்மா என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். பக்கத்து வீட்டில் ஒரு முருங்கை, அதற்கும் சொல்லி வைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு.

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பேனாவை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. நாளை கம்பெனியில் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். சொல்லுவேன்.